அடிக்கு அஞ்சிக் கற்ற ஆட்டம்: டொமிங்கோஸ் ட கியா

பிரேசில் நாட்டுக் கால்பந்துப் பேச்சில் ‘டொமிங்காடா’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தை ஓங்கி உதைத்து ஆபத்தைத் தீர்க்காமல், தன் கோல் முன்னாலேயே எதிரணி ஆளை ஏய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். இப்போது பெரும்பாலும் அது ஒரு திட்டு. ஏய்க்கப் போய்ப் பந்தைப் பறிகொடுத்து கோல் வாங்கியவரைப் பழிக்கும் சொல்.

அந்தச் சொல் டொமிங்கோஸ் ட கியா என்ற மனிதரின் பெயரிலிருந்து வந்தது. 1929 முதல் 1948 வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மூன்று நாடுகளில் ஆடிய கறுப்பினத் தடுப்பாட்டக்காரர். இன்று அவர் பெயரால் எதைப் பழிக்கிறார்களோ, அதைப் பிழையின்றிச் செய்து காட்டியதால்தான் அவர் புகழ் பெற்றார். பெலேயையும் கரிஞ்சாவையும் நம் தோழர்கள் பலர் அறிவார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் கதை தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக அதை ஒதுக்கிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

டொமிங்கோஸ் 1912ல் ரியோ டி ஜெனிரோவின் புறநகரான பாங்குவில் பிறந்தார். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது 24 ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமைமுறையை ஒழித்த நாடு அது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு அங்கே கரையிறங்கியவர்கள் சுமார் 48 லட்சம் பேர். 1888 மே 13ல் விடுதலைச் சட்டம் வந்தபோது அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு நிலமும் தரப்படவில்லை, இழப்பீடும் தரப்படவில்லை. மறு ஆண்டே குடியரசு வந்தது. அந்தக் குடியரசின் 1891 அரசமைப்புச் சட்டம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்கில்லை என்றது. நேற்றுவரை அடிமையாக இருந்தவருக்கு எழுத்தறிவு எங்கிருந்து வரும்? நிறத்தின் பெயரைச் சொல்லாமலேயே கறுப்பினத்தவரில் பெரும்பாலோரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடை 1985 வரை நீடித்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், இதே தந்திரம் கால்பந்துக்குள்ளும் வரப்போகிறது.

பாங்கு ஒரு பஞ்சாலை ஊர். ஆலையில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் 1904ல் அங்கே ஒரு கிளப் தொடங்கினார்கள். ரியோ நகரின் மையத்திலோ கால்பந்து பணக்கார வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். ஃப்ளூமினென்ஸ் போன்ற கிளப்புகளில் உறுப்பினராக இருப்பதே ஒரு குடும்ப அந்தஸ்து. பாங்குவிலோ பதினொரு பேரைத் திரட்டும் அளவுக்கு ஆங்கிலேயர்கள் இல்லை. அதனால் ஆலைத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1905ல் ஃப்ரான்சிஸ்கோ கரேகால் என்ற கறுப்பின நெசவாளர் பாங்கு அணியில் ஆடினார். இரண்டே ஆண்டுகளில், 1907ல், நகர லீக் நிறமுள்ளவர்களை ஆட்டக்காரர்களாகப் பதிவு செய்ய முடியாது என்று அறிவித்தது. பாங்கு கிளப் லீக்கை விட்டே வெளியேறியது.

ஆலை நிர்வாகத்தின் பெருந்தன்மை என்று இதைப் படித்துவிடக் கூடாது. நன்றாக ஆடும் தொழிலாளிக்கு இலகுவான வேலையும், பயிற்சிக்குப் போக நேரமும் கிடைத்தன. அணி வென்றால் ஆலைத் துணிக்கு விளம்பரம். ஆனாலும் அந்தச் சிறு இடைவெளியில்தான் ட கியா சகோதரர்கள் வளர்ந்தார்கள். லூயிஸ் அன்டோனியோ, லடிஸ்லாவ், மெடியோ, கடைசியாக டொமிங்கோஸ் என்று நான்கு பேரும் பாங்குவுக்கு ஆடினார்கள். அந்தக் கிளப்புக்காக அதிக கோல் அடித்தவர் லடிஸ்லாவ்தான்.

டொமிங்கோஸ் பிற்காலத்தில் சொல்லிப் பதிவான ஒரு நினைவு உண்டு. சிறுவனாக இருந்தபோது கால்பந்து ஆடவே தனக்குப் பயமாக இருந்தது என்றார். காரணம், பாங்குவிலேயே, கறுப்பின ஆட்டக்காரர் ஒரு ஃபவுல் செய்தால், சில சமயம் அதுகூடச் செய்யாமலேயே, மைதானத்தில் அடி வாங்குவதைப் பலமுறை பார்த்திருந்தார். அப்போது அவருடைய அண்ணன் ஒரு வழி சொன்னார். நீதான் நன்றாக நடனம் ஆடுகிறாயே, அதை இங்கேயும் காட்டு என்றார். டொமிங்கோஸ் இடுப்பை அசைத்தார். மியுடின்யோ என்ற சாம்பா அடவின் சின்னச் சின்ன காலடிகளைப் பந்துக்குக் கொண்டுவந்தார். எதிராளியின் உடம்பில் படாமல், படவும் விடாமல், மிகக் குறுகிய இடத்தில் திரும்பி வெளியேறும் ஒரு முறை அப்படிப் பிறந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பிரேசில் கால்பந்தின் அழகைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் ஊறியது, இயற்கையான தாளம், பிறவிக் கலை என்றெல்லாம் புகழ்ந்திருக்கிறார்கள். ஆடியவரே சொல்லும் காரணம் வேறு. தொட்டால் அடிப்பார்கள், அதனால் தொடாமல் ஆடக் கற்றேன் என்கிறார். கறுப்பினத் தடுப்பாட்டக்காரருக்கு இது முன்கள ஆட்டக்காரரைவிடப் பெரிய சிக்கல். முன்கள ஆட்டக்காரர் ஏய்த்துவிட்டு ஓடிவிடலாம். தடுப்பாட்டக்காரரின் வேலையே மோதுவதுதான். மோத முடியாத ஒருவர் எப்படித் தடுப்பது? எதிராளியை நெருங்கி வரவிட்டு, அவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே கணித்து, பந்தை மட்டும் உருவிக்கொண்டு, அடுத்தவரையும் ஏய்த்துவிட்டு நடந்து வெளியேற வேண்டும். வேகமாக ஓடாத, பதறாத ஆட்டக்காரர் என்று டொமிங்கோஸைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பதறாமைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது.

சாம்பாவையும் அன்றைய பிரேசிலில் யாரும் கொண்டாடவில்லை. ஆப்பிரிக்க வழி வந்த கபோயிரா என்ற அடிமுறைக் கலையை 1890 தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. சாம்பா பாடியவர்களும் ஆடியவர்களும் காவல்துறையின் தொல்லைக்கு ஆளானார்கள். தெருவில் சந்தேகத்துக்குரிய அசைவு, மைதானத்துக்குள் போனதும் பிற்காலத்தில் தேசியப் பெருமை ஆனது.

டொமிங்கோஸுக்கு முன் வந்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1914ல் ஃப்ளூமினென்ஸ் அணியில் ஆடிய கலப்பினத்தவரான கார்லோஸ் ஆல்பெர்டோ முகத்தில் அரிசிமாவுப் பவுடர் பூசிக்கொண்டு களமிறங்கினார் என்பது பிரேசிலில் எல்லோரும் அறிந்த கதை. எதிரணி ரசிகர்கள் கேலியாகக் கத்திய ‘அரிசிமாவு’ இன்று அந்தக் கிளப்பின் செல்லப் பெயர். ஜெர்மானியத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த ஆர்தர் ஃப்ரீடன்ரைக், அன்றைய மிகப் பெரிய நட்சத்திரம், ஆட்டத்துக்கு முன் தலைமுடியை நேராக்க நெடுநேரம் செலவிட்டார் என்பார்கள். 1921ல் பியூனஸ் அயர்ஸ் போட்டிக்குப் போகும் அணியில் கறுப்பினத்தவர் வேண்டாம் என்று குடியரசுத் தலைவர் எபிடாசியோ பெசோவாவே விரும்பினார் என்ற செய்தி பரவியது. கறுப்பின எழுத்தாளர் லிமா பரேடோ அதைக் கடுமையாகக் கிண்டல் செய்து எழுதினார். அவருக்குக் கால்பந்தே பிடிக்காது என்பது வேறு விஷயம்.

1923ல் வாஸ்கோ ட காமா கிளப் ரியோ நகர சாம்பியன் ஆனது. அணியில் கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளைத் தொழிலாளர் எல்லோரும் இருந்தார்கள். கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கிய அதே வாஸ்கோ ட காமாவின் பெயர்தான். அந்தப் பயணத்தின் 400ஆவது ஆண்டான 1898ல் போர்ச்சுகீசியக் குடியேறிகள் தொடங்கிய கிளப் அது. வரலாறு சில சமயம் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். தோற்ற பெரிய கிளப்புகள் என்ன செய்தன தெரியுமா? மறு ஆண்டே பிரிந்துபோய்ப் புதிய லீக் தொடங்கின. அதில் சேர வேண்டுமானால், ஐயத்துக்குரிய தொழில் செய்யும் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்று வாஸ்கோவிடம் நிபந்தனை போட்டன. நிறம் என்ற சொல் எங்கும் இல்லை. தொழில், எழுத்தறிவு, அமெச்சூர் ஒழுக்கம் என்ற சொற்கள்தான் இருந்தன. ஆட்டக்காரர் தன் கையால் பதிவுத்தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. வாஸ்கோ தன் ஆட்டக்காரர்களுக்கு எழுதப் பழக்கியது.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் ஜோசே அவுகுஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் கடிதம் எழுதினார். இந்த 12 பேரும் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள், கிளப்புக்கு வெற்றி தேடித் தந்தவர்கள், இவர்களைப் பலியிட மாட்டோம், உங்கள் லீக்கில் சேரவும் மாட்டோம் என்பது அதன் சாரம். இன்றும் ‘வரலாற்றுப் பதில்’ என்று அந்தக் கடிதத்தைச் சொல்கிறார்கள். வாஸ்கோ வணிகர்கள் புரட்சியாளர்கள் அல்ல. ஆட்டக்காரர்களுக்குக் கடைகளில் பெயரளவுக்கு வேலை போட்டு மறைமுகமாகச் சம்பளம் தந்தவர்கள்தான். வெற்றி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனாலும் நெருக்கடி வந்தபோது ஆட்களைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு புதிய லீக் அவர்களைத் தங்கள் ஆட்டக்காரர்களோடு சேர்த்துக்கொண்டது. 1927ல் ஆதரவாளர்களின் நன்கொடையில் சாவ் ஜனுவாரியோ மைதானத்தையும் கட்டி முடித்தார்கள்.

டொமிங்கோஸ் 1932ல் பாங்குவிலிருந்து வாஸ்கோவுக்கு வந்தார். அந்த டிசம்பரில் உலக சாம்பியனான உருகுவேயை அதன் தலைநகர் மொண்டெவிடியோவிலேயே பிரேசில் 2–1 என்று வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் லியோனிடாஸ், பின்னால் சுவராக நின்றவர் டொமிங்கோஸ். இருவருமே கறுப்பினத்தவர். உருகுவே கிளப்புகள் இருவரையும் விலை பேசின. லியோனிடாஸ் பெனியரோலுக்கும், டொமிங்கோஸ் நேசியோனலுக்கும் போனார்கள். நேசியோனலில் டொமிங்கோஸுக்குப் பக்கத்தில் ஆடியவர் 1930 உலகக் கோப்பையை ஏந்திய உருகுவே தலைவர் ஜோசே நசாஸி. ‘தெய்வீக ஆசான்’ என்ற பட்டம் டொமிங்கோஸுக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பிரேசிலை விட்டுப் போனவர்கள் இவர்கள் மட்டும் அல்ல. இத்தாலிய வம்சாவளி வெள்ளை ஆட்டக்காரர்களை முசோலினியின் இத்தாலி வரவேற்றது. லாசியோ அணியே பிரேசில்காரர்களால் நிறைந்தது. கறுப்பினத்தவருக்கு அந்தக் கதவு இல்லை. அவர்கள் பெரும்பாலும் உருகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். 1931ல் வாஸ்கோவோடு ஐரோப்பா சென்ற ஃபாஸ்டோவும் கோல்கீப்பர் ஜகுவாரேயும் பார்சிலோனாவில் தங்கிவிட்டார்கள். இப்படி ஆட்கள் போய்க்கொண்டே இருந்ததால்தான் 1933ல் பிரேசில் கிளப்புகள் தொழில்முறை ஆட்டத்துக்கு இறங்கி வந்தன. யாரும் மனம் திருந்திவிடவில்லை, ஆள் இல்லாமல் போனது.

தொழில்முறையை ஏற்றுக்கொள்வதில் மேட்டுக்குடிக் கிளப்புகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அமெச்சூர் ஆட்டக்காரர் என்றால் கிளப்பின் உறுப்பினர். அவர் விருந்துக்கு வருவார், நடன மண்டபத்துக்கு வருவார், உறுப்பினர் வீட்டுப் பெண்களோடு பேசுவார். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் என்றால் பணியாளர், ஆட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகலாம். பூனாவில் வெள்ளை அதிகாரிகளுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசிய பல்வங்கர் பாலூவின் கதையைப் படித்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்து போட அவர் தேவைப்பட்டார், மட்டை மட்டும் அவர் கைக்கு வரவில்லை. தேநீர் இடைவேளையில் வெளியே நின்று மண்கோப்பையில் குடித்தார்.

1934ல் டொமிங்கோஸ் திரும்பி வந்து வாஸ்கோவுக்கு ரியோ கோப்பையை வென்று தந்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அவர் போகவில்லை. அமெச்சூர் கூட்டமைப்புக்கும் தொழில்முறைக் கிளப்புகளுக்கும் நடந்த சண்டையில் பல பெரிய ஆட்டக்காரர்கள் விடுபட்டார்கள், பிரேசில் ஒரே ஆட்டத்தில் தோற்று ஊர் திரும்பியது. 1935ல் போகா ஜூனியர்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அர்ஜென்டினாவிலும் சாம்பியன். உருகுவே, பிரேசில், அர்ஜென்டினா என்று அடுத்தடுத்து மூன்று நாட்டுப் பட்டங்களை வென்ற கறுப்பினத் தடுப்பாட்டக்காரரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

1936ல் ஃப்ளமேங்கோ கிளப் டொமிங்கோஸ், லியோனிடாஸ், ஃபாஸ்டோ மூவரையும் ஒன்றாக வாங்கியது. அதுவரை மேட்டுக்குடிப் படகுப்போட்டிக் கிளப்பாக அறியப்பட்ட ஃப்ளமேங்கோ, பிரேசிலின் ஏழை எளிய மக்களின் அணியாக மாறியதற்கு இந்த மூன்று பேரும் ஒரு பெரிய காரணம். 1939ல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றது, 1942லும் 1943லும் மீண்டும் வென்றது. ஃபாஸ்டோ அந்த முதல் பட்டத்தை அனுபவிக்கவில்லை. ‘கறுப்பு அதிசயம்’ என்று கொண்டாடப்பட்டவர் அதே 1939ல் காசநோயில் இறந்துபோனார்.

இப்போது 1938க்கு வருவோம், நாம் எழுத உட்கார்ந்ததே அந்த ஆண்டுக்காகத்தான்.

1931ல் சாவ் பாவ்லோவில் ‘பிரேசில் கறுப்பர் முன்னணி’ என்ற அமைப்பு தோன்றியிருந்தது. பள்ளி நடத்தியது, பத்திரிகை நடத்தியது, கறுப்பினத்தவரை உள்ளே விடாத இடங்களில் போராடியது. 1936ல் அரசியல் கட்சியாகப் பதிவு செய்துகொண்டது. அதன் தலைமைக்குள் வலதுசாரிச் சாய்வு இருந்தது என்ற விமர்சனம் உண்மைதான். ஆனாலும் விடுதலைக்குப் பிந்தைய பிரேசிலில் கறுப்பின மக்கள் கட்டிய மிகப் பெரிய அரசியல் அமைப்பு அது. 1937 நவம்பரில் கெட்டூலியோ வர்காஸ் சர்வாதிகாரியாகித் தன் ‘புதிய அரசை’ அறிவித்தார். எல்லாக் கட்சிகளையும் போல முன்னணியும் தடை செய்யப்பட்டது.

அடுத்த ஜூனில் பிரேசில் அணி பிரான்ஸில் உலகக் கோப்பை ஆடியது. வானொலி வழியே நாடே கேட்டது. போலந்தை 6–5 என்று வென்றார்கள். செக்கோஸ்லோவாக்கியாவோடு இரண்டு ஆட்டம் ஆடி முன்னேறினார்கள். லியோனிடாஸ் போட்டியிலேயே அதிக கோல் அடித்தார், ‘கறுப்பு வைரம்’ என்ற அவர் பட்டப்பெயரில் ஒரு கம்பெனி சாக்லேட் விற்றது. சமூகவியலாளர் கில்பெர்டோ ஃப்ரேயர் பத்திரிகையில் ‘முலாட்டோக் கால்பந்து’ பற்றி எழுதினார். இனக்கலப்பால் பிறந்த நடனம் போன்ற ஆட்டம், ஐரோப்பாவின் இயந்திர ஆட்டத்துக்கு மாற்று என்று புகழ்ந்தார். ‘இன ஜனநாயகம்’ என்று பின்னாளில் பிரேசில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைக்குக் கால்பந்து சாட்சியம் ஆனது.

கறுப்பரின் கட்சிக்குத் தடை, கறுப்பரின் காலுக்குக் கைதட்டல். இரண்டுக்கும் இடையே ஏழு மாதம்தான்.

அரையிறுதி இத்தாலியோடு, மார்செய் நகரில், ஜூன் 16. லியோனிடாஸ் ஆடவில்லை. இரண்டாம் பாதியில் டொமிங்கோஸ் இத்தாலியின் பியோலாவைக் கோல் பகுதிக்குள் வீழ்த்தினார், நடுவர் பெனால்ட்டி கொடுத்தார், மியாட்ஸா அதை கோலாக்கினார். ஆட்டம் 2–1 என்று முடிந்தது. பியோலா முதலில் தன்னை உதைத்தார், பந்து அப்போது அந்தப் பக்கமே இல்லை என்பது டொமிங்கோஸ் தரப்புக் கணக்கு. சிறுவயதிலிருந்து தொடாமல் ஆடக் கற்றவர் ஒரே ஒரு முறை திருப்பிக் கொடுத்தார். ஆயுள் முழுக்க அந்த ஒரு நொடியைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தத் தோல்விக்கு அவரைத் தூக்கிலிடவில்லைதான். மூன்றாம் இடத்தோடு அணி வரவேற்கப்பட்டது. 1950ல் நடந்தது வேறு. ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றதும் நாடு மூன்று பேரை நோக்கி விரல் நீட்டியது. கோல்கீப்பர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடெ, ஜுவெனல். மூவருமே கறுப்பினத்தவர். பதினொரு பேர் ஆடிய ஆட்டம் அது. வென்ற அணியின் தலைவர் ஒப்டூலியோ வரேலாவும் கறுப்பின வழி வந்தவர் என்பதைப் பற்றி மட்டும் யாரும் கோட்பாடு எழுதவில்லை. 1954 தோல்விக்குப் பிறகு பிரேசில் குழுவின் தலைவர் ஜோவாவ் லிரா ஃபில்யோ, மக்களின் இனக்கலப்பையே பலவீனத்துக்குக் காரணமாகக் காட்டினார். ஃப்ரேயர் புகழ்ந்த அதே கலப்பு. வென்றால் தேசத்தின் மரபு, தோற்றால் இனத்தின் குறை.

டொமிங்கோஸ் இதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். 1944 முதல் சாவ் பாவ்லோவின் கொரிந்தியன்ஸில் ஆடி, கடைசியில் 1948ல் தொடங்கிய இடமான பாங்குவிலேயே முடித்தார். அந்த இடையில், 1947ல், பத்திரிகையாளர் மரியோ ஃபில்யோ பிரேசில் கால்பந்தில் கறுப்பர் பற்றிய தன் நூலை வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் ஃப்ரேயர்தான். மேலே நாம் சொன்ன பல கதைகள் அந்த நூல் வழியாகவே பரவின. எல்லாத் தடையும் தாண்டிக் கறுப்பர் வென்றுவிட்டார், கதை சுபம் என்று முடியும் தொனி முதல் பதிப்பில் இருந்தது. 1964ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவரே 1950ஐப் பற்றிச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. அந்த நூலை ஆதாரமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, தேசியவாதக் கதைக்கு ஏற்றபடி சம்பவங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று 1990களில் பிரேசில் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களாக உள்ள தோழர்கள் இரண்டு பக்கத்தையும் படிக்க வேண்டும். நம் விளையாட்டு வரலாற்றை நாமே எழுதாவிட்டால் நம்மைப் பாராட்டுகிறவர்கள் எழுதுவதுதான் மிஞ்சும்.

டொமிங்கோஸின் மகன் அடெமிர் ட கியா பல்மெய்ரஸ் கிளப்பின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஆனார். தந்தையின் ‘தெய்வீக’ப் பட்டத்தையே ரசிகர்கள் மகனுக்கும் வைத்தார்கள். பிற்காலத்தில் அவர் சாவ் பாவ்லோ நகர்மன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பார்போசா 2000 ஏப்ரல் 7 அன்று இறந்தார். வாஸ்கோவின் கடிதம் எழுதப்பட்ட அதே தேதி, அவரும் வாஸ்கோவின் கோல்கீப்பர்தான். பிரேசிலில் மிக அதிகமான தண்டனை 30 ஆண்டு, நான் 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரம் கழித்து, மே 18 அன்று, டொமிங்கோஸ் ரியோவில் காலமானார். அவர் பிறந்த பாங்குவின் பஞ்சாலை பின்னர் மூடப்பட்டது. செங்கல் கட்டடத்தை இடிக்காமல் 2007ல் அதற்குள் ஒரு ஷாப்பிங் மால் திறந்திருக்கிறார்கள்.